உப்புக்காற்றில் நிற்கும் செங்கல்

நெட்டுக்குப்பத்தில் ஒரு வீட்டுக்குச் சுவர் எழும்பும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்பது இஞ்ச் சுவர் என்றால், ஒரு வரிசையில் செங்கலின் நீளப்பக்கம் வெளியே தெரியும். அதற்கு மேல் வரிசையில் தலைப்பக்கம் மட்டும் தெரியும். மறுபடி நீளம், மறுபடி தலை. கீழ் வரிசையின் இணைப்புக்கு நேர் மேலே இன்னொரு இணைப்பு வராது. இது என்ன கட்டு என்று கொத்தனாரைக் கேட்டால், "இங்கிலீஷ் பாண்டு" என்பார். அவருக்கு அதை மேஸ்திரி சொல்லிக் கொடுத்திருப்பார். அந்த மேஸ்திரிக்கு அவருடைய மேஸ்திரி. புத்தகம் பார்த்துப் படித்தவர்கள் அதில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

செங்கல் நமக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்து கொடுத்த பொருள் இல்லை. கீழடியில் தோண்டத் தோண்டச் செங்கல் சுவர்கள்தான் வந்தன. உண்மையில் செங்கலை மறந்துபோய் மறுபடி கற்றுக்கொண்டவர்கள் ஆங்கிலேயர்கள்தான். ரோமானியர்கள் பிரிட்டனை ஆண்ட காலத்தில் அங்கே செங்கல் சுட்டார்கள். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கிளம்பிப் போனதும் அந்தத் தொழிலும் போய்விட்டது. அதற்குப்பின் பல நூறு ஆண்டுகள், இடிந்த ரோமானியச் சுவர்களிலிருந்து செங்கல் பெயர்த்துத்தான் தேவாலயம் கட்டினார்கள். செயின்ட் ஆல்பன்ஸ் தேவாலயத்தின் பெரிய கோபுரமே அப்படிப் பெயர்த்த கல்லில் எழுந்ததுதான்.

புதிதாகச் சுட்ட செங்கலில் கட்டி, இன்றும் நிற்கும் மிகப் பழைய ஆங்கிலேய வீடுகளில் ஒன்று சஃபோக் பகுதியில் லிட்டில் வென்ஹாம் என்ற சின்னக் கிராமத்தில் இருக்கிறது. 1270களை ஒட்டிக் கட்டியது. இங்கே சோழர் ஆட்சி முடிந்து பாண்டியர் கை ஓங்கிக்கொண்டிருந்த காலம் அது. தரைத்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறை, அதற்கு மேல் பெரிய கூடம், பக்கத்திலேயே ஒரு சின்னப் பிரார்த்தனை அறை. செங்கல் என்றதும் சிவப்பைத்தான் நினைப்போம். இந்த வீட்டின் செங்கல் வெளிறிய மஞ்சள். அந்த ஊர் மண்ணின் நிறம் அப்படி. மண்ணில் சுண்ணாம்புச் சத்து கூடினால் செங்கல் வெளுக்கும், இரும்புச் சத்து கூடினால் சிவக்கும். ரயிலும் பெரிய தொழிற்சாலைகளும் வருவதற்கு முன்பு, செங்கலை வண்டியில் ஏற்றி இருபது மைல் கொண்டுபோனால் வண்டிக்கூலி கல் விலையைத் தாண்டிவிடும். அதனால் ஊர்க் கோடியிலேயே பள்ளம் தோண்டி, அங்கேயே சூளை போட்டார்கள். வீட்டுச் சுவரைப் பார்த்தால் அந்த ஊர் மண்ணைச் சொல்லிவிடலாம்.

சாதாரணக் குடியானவர் வீட்டுக்குச் செங்கல் வர இன்னும் நானூறு வருஷம் ஆனது. முதலில் வந்தது சுவர் அல்ல, புகைபோக்கி. அதுவரை மரச்சட்டம் அடித்து இடையில் மண் பூசிய வீடு, நடுக்கூடத்தில் தரையிலேயே அடுப்பு, புகை கூரை வழியாகத் தானாகப் போகவேண்டும். செங்கலில் புகைபோக்கி எழுப்பியதும் புகைக்கு ஒரு பாதை கிடைத்தது. கூடத்துக்கு மேலே இன்னொரு தளம் போட முடிந்தது. மாடி என்ற வசதி அந்த ஊர்க்காரர்களுக்கு அடுப்பு வழியாக வந்தது என்று சொல்லலாம். 1666இல் லண்டன் நகரம் எரிந்தது. அடுத்த வருஷமே, வீடுகளின் வெளிச்சுவர் செங்கல்லிலோ கருங்கல்லிலோதான் இருக்கவேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நகரத்துப் பழக்கம் மெல்ல மெல்லக் கிராமத்துக்கும் இறங்கியது.

அப்புறம் வரி வந்தது. ஜன்னலுக்கு வரி 1696 முதல் 1851 வரை. செங்கலுக்கு வரி 1784 முதல் 1850 வரை. ஜன்னலை எண்ணி வரி போட்டால் மக்கள் என்ன செய்வார்கள்? ஜன்னலை அடைத்தார்கள். இன்றும் ஆங்கிலேயக் கிராமங்களில், ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் செங்கல் வைத்து அடைத்த சுவர்களைப் பார்க்கலாம். செங்கலை ஆயிரக்கணக்கில் எண்ணி வரி போட்டபோது, எண்ணிக்கையைக் குறைக்கச் சூளைக்காரர்கள் கல்லைப் பெரிதாக்கினார்கள். பெரிய கல்லுக்குக் கூடுதல் வரி என்று அரசு 1803இல் திருப்பி அடித்தது. இந்த விஷயத்தில் உலகத்து மனிதர்கள் எல்லோரும் ஒரே ஊர்க்காரர்கள்தான்.

அந்த வீடுகளின் சுவர் அழகுக்கு ஒரு சிக்கனமான ரகசியம் உண்டு. சூளையில் தீக்கு மிக அருகில் இருந்த கல் கருநீலமாகக் கருகிப் பளபளக்கும். நம் ஊரில் அதை உருகுகல் என்று ஒதுக்கி அஸ்திவாரத்தில் போடுவோம். அங்கே அந்தக் கருகிய தலைகளை இடைவெளி விட்டு வெளியே தெரியும்படி வைத்து, சிவப்பும் நீலமுமாகக் கட்டம் போட்ட சேலை மாதிரி சுவரை நெய்தார்கள். சுவரின் நடுவே 'எஸ்' வடிவத்திலோ பெருக்கல் குறி மாதிரியோ ஓர் இரும்புத் துண்டு இருக்கும். அதை அலங்காரம் என்று நினைத்துப் படம் எடுப்பவர்கள் உண்டு. உள்ளே ஓடும் இரும்புக் கம்பியின் முனை அது. வெளியே சாயப் பார்க்கும் சுவரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த வீடுகளை இத்தனை நூற்றாண்டு நிற்கவைத்தது செங்கல் மட்டுமல்ல, செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சுண்ணாம்பு. அங்கிருந்துதான் கதை எண்ணூருக்கு வருகிறது.

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால், அதிலிருந்து கரிவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூத்து நீற்றுச் சுண்ணாம்பாகும். மணலோடு அரைத்துச் சுவரில் வைத்தால், காற்றில் இருக்கும் கரிவாயுவை மறுபடி இழுத்துக்கொண்டு பல மாதங்களில், பல வருடங்களில், மெல்லக் கல்லாகும். கல்லாகத் தொடங்கி, தூளாகி, மறுபடி கல்லாவது. இந்தக் கல் செங்கல்லைவிடக் கொஞ்சம் மெதுவானது. அதுதான் அதன் குணம். தரை லேசாக இறங்கினால், வெயிலில் சுவர் விரிந்தால், செங்கல் உடையாமல் இடையிலிருக்கும் சுண்ணாம்பு வளைந்து கொடுக்கும். மெல்லிய விரிசல் விட்டாலும், மழைநீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கரைத்து அந்த விரிசலிலேயே படியவிடும். சுவருக்குள் போன ஈரம் அந்த இணைப்பு வழியாகவே வெளியேறிவிடும்.

சென்னைக்குச் சுண்ணாம்பு மலை எதுவும் பக்கத்தில் இல்லை. கிளிஞ்சல் இருந்தது. பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் தலைமுறை தலைமுறையாகப் படிந்து கிடந்த கிளிஞ்சல்கள். அதைச் சுட்டு அரைத்துப் பூசிய 'மெட்ராஸ் சுனாம்' அன்றைக்கு லண்டன்வரை பேர்போனது. சலவைக்கல் என்று நினைத்துத் தொட்டுப் பார்த்து ஏமாந்த வெளிநாட்டுப் பயணிகள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். 1732இல் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், மதராஸில் சுண்ணாம்புக் கலவை செய்யும் முறையை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார். அந்தப் பட்டியலைப் பார்த்தால் கட்டட வேலையா கல்யாணச் சமையலா என்று சந்தேகம் வரும். வெல்லம், வேகவைத்து வடித்த பயற்றுக் கஞ்சி, கடுக்காய்த் தண்ணீர். மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், தயிர். ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. வெல்லமும் கடுக்காயும் கலவையை ஒட்டவைத்து இறுகச் செய்யும். வெள்ளைக்கருவும் நெய்யும் நீர் புகாமல் வழுவழுப்பைக் கொடுக்கும். பூசி முடித்ததும் மாக்கல் தூள் தூவி, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். சுவரில் முகம் தெரியும்வரை.

இந்தக் கிளிஞ்சல் நகரத்துக்கு வருவதற்குத் தண்ணீர்ப் பாதை இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற ஆங்கிலேய வணிகர், மதராஸிலிருந்து எண்ணூர்வரை சுமார் 11 மைலுக்குக் கால்வாய் வெட்டினார். காக்ரேன் கால்வாய் என்று பேர். பிறகு அரசு அதை எடுத்துக்கொண்டு வடக்கும் தெற்கும் நீட்டியது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களைக் கூலிக்கு வைத்து வெட்டிய பகுதியும் சேர்ந்த பிறகு, அன்றைய கவர்னர் பேரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. இந்தப் பாதையில் உப்பும் விறகும் கிளிஞ்சலும் படகில் வந்தன. அதே பாதையில் துரைமார்கள் எதிர்த்திசையில் போனார்கள். இன்றைக்குப் புகைபோக்கிகள் நிற்கும் எண்ணூர், அப்போது வெள்ளைக்காரர்கள் காற்று வாங்கவும் படகு விடவும் மீன் பிடிக்கவும் போன இடம். கழியோரத்தில் அவர்களுக்குப் பங்களாக்கள் இருந்தன.

அந்த பங்களாக்கள் சஃபோக் கிராமத்து வீடு மாதிரி இருந்திருக்க முடியாது. அங்கே வீட்டின் நடு, புகைபோக்கி. சூட்டை உள்ளே பிடித்து வைக்கக் கட்டிய வீடு. இங்கே அதே செங்கல்லை வைத்துச் சூட்டை வெளியே தள்ளவேண்டும். அதனால் சுவர் இரண்டடி கனம், கூரை பதினைந்து இருபது அடி உயரம், சுற்றிலும் தாழ்வாரம், மரப்பட்டி அடித்த ஜன்னல் கதவு. சமையல் தனிக்கட்டில். இன்னொரு வித்தியாசமும் உண்டு. அங்கே செங்கல்லை வெளியே காட்டினார்கள், இங்கே மறைத்தார்கள். கிரேக்கக் கோயில் மாதிரி வெள்ளை வெளேர் என்று தெரியவேண்டும் என்ற ஆசை ஒரு காரணம். வடகிழக்குப் பருவமழையும் உப்புக்காற்றும் சேர்ந்தால், நம் ஊர் மெதுவான செங்கல்லுக்கு ஒரு சட்டை போட்டே ஆகவேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மேலே மூடுவதற்கும் இந்த ஊர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தது. மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரம், அதன்மேல் குறுக்காகச் சட்டங்கள். ஓர் அங்குலக் கனமே உள்ள சின்னச் சின்ன அச்சுக்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டில், சுண்ணாம்பு வைத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். கீழே முட்டுப் பலகை கிடையாது. அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். ஒருநாள் இரண்டுநாள் அல்ல, கட்டை துள்ளி எழும்பும்வரை. தட்டத் தட்டக் கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு. வட சென்னையின் பழைய தெருக்களில் இந்தக் கூரையின் கீழ் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன.

இந்தச் செங்கல்–சுண்ணாம்புக் கூட்டு எவ்வளவு காலம் உழைக்கும் என்று பார்க்க, ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போனால் போதும். கடலிலிருந்து கூப்பிடு தூரம். 1856இல் மதராஸ் ரயில்வே கம்பெனி கட்டியது. கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வைக்க, தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. பம்பாயிலும் தானேயிலும் இருந்த முதல் நிலையக் கட்டடங்கள் போய்விட்டன. நாட்டில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய ரயில் நிலையக் கட்டடம் இதுதான். நடுவில் பல வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்து, 2005இல் சீரமைக்கப்பட்டது. 170 வருஷ உப்புக்காற்று வாங்கிய சுவர்.

(செங்கல்லை மறைக்காமல் காட்டும் ஆசை பிறகு இங்கேயும் வந்தது. 1892இல் முடிந்த உயர்நீதிமன்றக் கட்டடம் அதற்குச் சாட்சி. ஒப்பந்தம் எடுத்துக் கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். அந்தச் செந்நிறம் சுட்டவர் கைத்திறன்.)

இப்போது இன்னொரு கட்டடம். 2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1990களில் கட்டிய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பில், 24 வீடுகள் இருந்த ஒரு பகுதி மொத்தமாக இடிந்து விழுந்தது. விரிசலைப் பார்த்து மக்கள் முன்கூட்டியே வெளியே ஓடிவந்ததால் உயிர் தப்பினார்கள். ராயபுரம் நிலையத்துக்கு 165 வயது. இதற்கு முப்பதுகூட ஆகவில்லை.

கடலோரத்தில் கான்கிரீட்டின் எதிரி உப்பு. கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமென்ட்டின் காரத்தன்மை ஒரு மெல்லிய படலமாக மூடிக் காப்பாற்றுகிறது. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டால் அந்தப் படலம் உடையும். துரு பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு, இரும்பாக இருந்தபோது அடைத்த இடத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கீழிருந்து கான்கிரீட்டைத் தள்ளும். முதலில் கம்பி ஓடும் திசையில் ஒரு பழுப்புக் கோடு. பிறகு கோடு வெடிப்பாகும். ஒருநாள் சாப்பிட உட்காரும்போது தட்டில் கூரை விழும். நெட்டுக்குப்பம், தாழங்குப்பம், காசிமேடு பக்கத்து வீடுகளில் இந்தப் பழுப்புக் கோட்டைப் பார்க்காதவர்கள் குறைவு.

பழைய சுண்ணாம்புச் சுவரில் கம்பி கிடையாது. அதனால் துருவுக்கு வேலை இல்லை. அதற்காக எல்லோரும் இரண்டடிச் சுவர் வைத்துத் தேக்கு உத்தரம் போட முடியுமா? ஒன்றரை சென்ட் மனையில் சுவரே பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். தேக்கு விலை கேட்டால் தலை சுற்றும். ஆகவே கான்கிரீட்டைத்தான் ஒழுங்காகப் போடவேண்டும். ஒழுங்கு என்றால் என்ன என்பதை இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 456 விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கடலோரக் காற்றுக்கு நேராக நிற்கும் கான்கிரீட்டில், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். கடல் அலையின் தெறிப்பு படும் இடத்தில் 50. உப்புக்காற்று நேரடியாகப் படாத மறைவான பகுதிக்கே 30. ஆனால் வேலை நடக்கும் இடத்தில் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை அளந்து பாருங்கள், 20 தான் இருக்கும். கரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு அது சரி. முகத்துவாரத்துக்குச் சரியில்லை.

அடுத்தது தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது அதே விதி. மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடியில் கடல்நீர் ஏறத்தொடங்கி அரை நூற்றாண்டு ஆகிறது. கழியோரத்தில் போர் போட்டால் வருவது பெரும்பாலும் உப்பு. குடிக்க மாட்டோம், குளிக்க மாட்டோம், கான்கிரீட்டுக்கு மட்டும் ஊற்றலாம் என்று யார் சொன்னது? தண்ணீர் லாரிக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடித்தால், பத்து வருஷம் கழித்துக் கூரை வழியாக அந்தக் காசு போகும். வீட்டு வேலை தொடங்கும்முன் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துக் குளோரைடு அளவைக் கேட்டு வாங்குவது பெரிய செலவு இல்லை. கடற்கரை மணலைக் கலப்பது பற்றிப் பேசவே வேண்டாம்.

செங்கல்லும் மாறிவிட்டது. இன்று இந்தப் பக்கம் லாரியில் வந்து இறங்குவது பெரும்பாலும் சாம்பல் நிறக் கல். ஃப்ளை ஆஷ் செங்கல். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரித்தபின் மிஞ்சும் சாம்பலோடு, சுண்ணாம்பும் ஜிப்சமும் அல்லது சிமென்ட்டும், கல்தூளும் கலந்து அச்சில் அழுத்தித் தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. சூளை இல்லை, வயல் மண் போகாது. 1999இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், அனல்மின் நிலையத்திலிருந்து 50 கிலோமீட்டர் சுற்றளவில் சாம்பல் கலந்த கல்லைத்தான் பயன்படுத்தவேண்டும் என்று விதி போட்டது. பிறகு அது 100 ஆகி, 2016இல் 300 ஆனது. விதி நல்ல விதிதான். ஆனால் கல்லாகாமல் மிஞ்சிய சாம்பல் எங்கே போனது என்பதை நெட்டுக்குப்பத்து மீனவர்களைக் கேட்டால் தெரியும். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. வட சென்னை அனல்மின் நிலையம் ஓடுகிறது. சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் கழியிலும் சாம்பல் படிந்தது. சேற்றில் கையை விட்டு இறால் பிடிக்கும் இடத்தில் சாம்பல். மட்டியும் கிளிஞ்சலும் வளரும் தரையில் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வேறு வந்து கழியை மூடியது.

மதராஸின் மாளிகைகளுக்கு வெள்ளை கொடுத்த கிளிஞ்சல் இந்தத் தரையில் வளர்ந்ததுதான். ஒரு காலத்தில் படகு படகாக அள்ளினார்கள். இப்போது பழைய கட்டடத்தைச் செப்பனிட நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு வேண்டுமென்றால் வெளியூரில் தேடவேண்டியிருக்கிறது.

தேடியாவது வாங்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பழைய தெருக்களில் தாத்தா காலத்து வீட்டை வைத்துக்கொண்டிருப்பவர்கள். பூச்சு உதிர்கிறது என்றதும் சிமென்ட் மூட்டையைப் பிரிப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. இங்கிலாந்துக் கிராமங்களிலும் போன நூற்றாண்டில் இதே தப்பைச் செய்து, இப்போது சுரண்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. தரையிலிருந்து ஏறும் உப்புநீர் உள்ளேயே தங்கி, காயும்போது செங்கல்லுக்குள் உப்பு படிகமாகும். படிகம் வளர்ந்து செங்கல்லின் முகத்தை உரித்துத் தள்ளும். மேலே பூச்சு கெட்டியாகத்தான் இருக்கும், உள்ளே செங்கல் தூளாகிக்கொண்டிருக்கும். அதே கதைதான், சிமென்ட் சுவரின்மேல் அடிக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்டுக்கும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதே போதும்.

முழுச்சுவரையும் கொத்தவேண்டிய அவசியமும் இல்லை. விரல் மடக்கி முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் 'கண்' என்று கேட்கும், விட்ட இடம் 'பொத்' என்று கேட்கும். பொத்தென்ற இடத்தைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டுக்கொண்டு, அதை மட்டும் பெயர்த்து, செங்கல்லை நனைத்துவிட்டு, சுண்ணாம்பும் மணலும் செங்கல்தூளும் கலந்த கலவையை மெல்லிய மெல்லிய பூச்சாக, ஒன்று காய்ந்தபின் ஒன்று என்று கொடுக்கவேண்டும். சித்திரை வெயிலில் வேண்டாம், சீக்கிரம் காய்ந்து வெடிக்கும். ஐப்பசி மழையிலும் வேண்டாம். தை, மாசி தோதான மாதம். கடுக்காய் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். இடித்து ஊறவைக்க ஒரு பழைய டிரம் இருந்தால் போதும்.